அழுகல் பிடிக்கும் வரை

மாட், ஹங்கேரி
10.9.2024

பூங்குழலி அப்பாவுக்கு உமாதேவி வணக்கத்துடன் எழுதுவது.

போனில் நான் பேசுவது உங்கள் காதுக்கு எட்டுவதில்லை. அதனால் கடிதம். மகளுக்கு உடம்பு தேறிவிட்டது. பேரன் குப்புற விழுகிறான்.

வீட்டுக்கார அம்மா இலோனாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நம் பக்கம் போலப் பந்தல் இல்லை. குன்றுச் சரிவில் வரிசை வரிசையாகக் கொடிகள். நேற்று கை சும்மா இருக்காமல், சுருங்கிப் பூஞ்சை பிடித்த பழங்களைக் கிள்ளிக் கோழிகளுக்குப் போட்டேன். மண்டியிலிருந்து நீங்கள் கூடை கொண்டுவந்தால் அப்படித்தானே செய்வேன்? இலோனா ஓடி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த டோக்காய்ச் சீமையில் அந்த அழுகல்தான் தங்கமாம். அதில்தான் பேர்போன இனிப்பு ஒயின் செய்கிறார்களாம். பிறகு அவரே சிரித்து, இந்த வருஷம் என் கோழிகள்தான் பணக்காரர்கள் என்றாராம்; பூங்குழலி சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

சோற்றுக்கு என்ன செய்கிறீர்கள்?

உமாதேவி


மண்டி மொஹல்லா, மைசூரு
22.9.2024

உமாவுக்கு, ஆறுமுகசாமி சொல்லச் சொல்ல, கீழ்வீட்டு ரவிக்குமார் எழுதுவது.

எனக்குக் கேட்க வேண்டுமென்று ரவிக்குமார் உன் கடிதத்தைக் கத்திப் படித்தான். சந்து முழுக்கக் கேட்டது. காலையில் பூக்கார கெம்பம்மா, "அஜ்ஜா, கோழிக்கெல்லாம் போதை எறங்கிச்சா?" என்கிறாள்.

நான் மண்டியில் தராசு பிடித்த காலத்தில், ஒரு மழை வருஷம் கறுப்புத் திராட்சை கூடை கூடையாகப் பூஞ்சை பிடித்து வந்தது. அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. எல்லாம் சாக்கடைக்குத்தான் போனது. அங்கே மட்டும் ஏன் புளிக்கவில்லை? கேட்டு எழுது.

எகர் என்ற ஊரின் சிவப்பு ஒயினுக்குக் காளை ரத்தம் என்று பெயராம், ரவிக்குமார் சொல்கிறான். மலைமேல் நந்தியைக் கும்பிடுகிறவள் நீ. அந்தப் பக்கம் போகாதே.

பேறுகாலத்துக்குப் போனாய், பார்த்தாயிற்று. தீபாவளிக்கு முன் வந்துவிடு. சோறு ஆகிறது, அதற்காகச் சொல்லவில்லை.

ஆறுமுகசாமி


மாட்
4.10.2024

பூங்குழலி அப்பாவுக்கு,

காளை ரத்தம் வெறும் பெயர்தான், பயப்படாதீர்கள். எகரைப் பற்றிக் கேட்டால் இலோனா, "அங்கேயும் மனுஷங்க இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

புளிக்காததற்குக் காரணம் கேட்டேன். போட்ரோக், டிசா என்று இரண்டு ஆறுகள் இங்கே சேர்கின்றன. விடிகாலையில் அங்கிருந்து மூடுபனி ஏறி வந்து பழத்தை நனைக்கிறது. மத்தியானம் வெயிலும் காற்றும் உலர்த்துகின்றன. ஃபுர்மிண்ட் என்ற திராட்சையின் தோல் அதற்குத் தோதானது; நீர் வற்றி இனிப்பு மட்டும் நிற்கிறது. மழை விடாமல் பிடித்தால் இங்கேயும் சாக்கடைதானாம். இன்னொரு ஜாதி, மஞ்சள் மஸ்கட். முகர்ந்தால் நம் பன்னீர் திராட்சைதான்.

எந்த அழுகல் நல்லது, எது கெட்டது என்று இப்போது எனக்கே தெரிகிறது. இலோனா ஒரு வரிசையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். எல்லாம் ஒன்றாக அழுகாது. ஒவ்வொரு பழமாகப் பார்த்து, திரும்பத் திரும்ப வந்து எடுக்க வேண்டும். தீபாவளி கழிந்தும் வேலை இருக்கும். விசாவுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்.

சந்தே கேட்கட்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. எனக்கென்று உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உமாதேவி


மைசூரு
17.10.2024

உமாவுக்கு,

தசரா கூட்டம் வடிந்து சந்து ஓய்ந்திருந்தபோது உன் கடிதம் வந்தது. கடைசி வரிகளுக்கு வந்ததும் ரவிக்குமார் குரலைத் தணித்துவிட்டான். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னேன்.

கோபம் வந்தது. பதில் எழுதச் சொன்னேன்: "நீ போனது பிள்ளை பெற்றவளைப் பார்க்க. கூலிக்காரி மாதிரி தோட்டத்தில் நிற்க இல்லை. தீபாவளிக்கு வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம்." வழக்கம்போலப் படித்துக் காட்டச் சொன்னேன். அவன் கத்திப் படித்தான். யாரோ ஒரு ஆள் வாசலில் நின்று யாரையோ விரட்டுவது போல இருந்தது. கெம்பம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, "யாரை இப்படி வையறாரு?" என்றாள்.

அதைக் கிழிக்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேன். இருந்து பறி. மூடுபனியில் தலைக்குத் துணி கட்டிக்கொள். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ரவிக்குமார் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறான், எழுதட்டும். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பாதியில் விட்டு வராதே. எப்போது வருகிறாய் என்பதை நீயே பார்த்துச் சொல்.

இதையும் கத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அனுப்பலாம்.

ஆறுமுகசாமி