மூன்றாம் எண் பாத்திகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆளுக்கொரு முட்டிவலியோடு சுகம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் வாரம் ஒரு சட்டை வாங்குகிறான். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். இன்னொரு விஷயம் இருக்கிறது, போனில் சொன்னால் பரவாயில்லைம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நான்கு நிலக்கடலை ரகங்களையும் ரகத்துக்கு மூன்று பாத்தியாக, நீ வரைந்து கொடுத்தபடியே விதைத்தோம். பைகளில் எண் மட்டும்தான், நீ உருவாக்கிய ரகம் எது என்று சொல்ல மாட்டேன் என்றாய். ஆனால் மூன்றாம் எண் பையை மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாய். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டுப் பையையும் அப்படித்தான் கட்டுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா. பூத்து, காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்குகிற நேரம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது நினைவிருந்தது. இருந்தும் உன் செடி வாடி நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆறு நாள், அப்பா கடைக்குப் போன சமயமாகப் பார்த்து, கிணற்றுப் பக்கம் இருந்த உன் இரண்டு பாத்திக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றினேன்.

போன வாரம் மூன்றாம் எண்ணுக்குத்தான் எடை அதிகம் என்று அப்பா சொன்னதும் நீ சந்தோஷத்தில் அழுதாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தராசுல உன் பாசத்தையும் சேத்து வச்சிட்டியா, மொதல்ல அவளுக்கு எழுது என்றார். மாதக் கடைசியில் அறிக்கை அனுப்புமுன் அந்த இரண்டு பாத்தியையும் கணக்கிலிருந்து அடித்துவிடு. எவரோ அந்த எடையை நம்பி விதைப்பார், அவர் வயலுக்கெல்லாம் குடம் தூக்க நான் போக முடியுமா. வேலியோரத்துப் பாத்தி வரைக்கும் நடக்க என் முட்டி விடவில்லை, அதனால் அது ஒன்றுதான் நிஜம். அதில் இரண்டு கிலோ முந்நூறு, பக்கத்தில், காயைப் பார்த்தாலே தெரிகிற நம் ஊர்ப் பழைய ரகம் இரண்டு கிலோ எண்ணூறு. மனசு ஒடிந்துவிடாதே. அந்தப் பாத்தியிலும் பருப்பில்லாத பொக்குக் காய் குறைவு, செடியைப் பிடுங்கினால் காய் மண்ணில் தங்காமல் கூடவே வருகிறது, நூறு கிராம் காய் உடைத்தால் எழுபத்து நான்கு கிராம் பருப்பு, பழையதில் அறுபத்தெட்டுதான். நானே எடை போட்டேன், அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அடுத்த பருவத்துக்கு விதை அனுப்பும்போது பையை நீ கட்டாதே, கூட வேலை செய்கிற யாரையாவது கட்டச் சொல். எது என் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியவே வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா