அண்ணை, உங்கள் மகள் துப்பாக்கி வாங்கினாள்

என் அன்புக்குரிய அண்ணை,

நீங்கள் போனபோது எட்டு மாதக் குழந்தையாக இருந்த பவித்ரா, போன சனிக்கிழமை கைத்துப்பாக்கி வாங்கினாள். பதறாதீர்கள். காற்றில் இயங்குவது, குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கானது. உயிரெடுக்கும் நிஜக் கைத்துப்பாக்கியை இந்த நாட்டில் வாங்கவே முடியாது.

துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். லண்டனில் நாங்கள் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து கடை வரைக்கும் காரின் கதவுப் பிடியை நான் விடவேயில்லை.

கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பொயின்ட் டூ டூ அளவு. குண்டு பெரிது, அடியும் பலம். மற்றது பொயின்ட் ஒன் செவன் செவன். குண்டு சிறிது, போட்டிக்கு அதுதான். அவள் சுடப் பழகும் கிளப்பிலும் சின்னதைத்தான் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அவளோ பெரியதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. உங்களுடைய அதே நீண்ட விரல்கள், அண்ணை.

"சின்னதை எடன் பிள்ளை" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "சித்தப்பா, அப்பாவைச் சுட்டது எந்த சைஸ்?"

நீங்கள் நெஞ்சுவலியால் இறந்தீர்கள் என்றுதானே நானும் அண்ணியும் இத்தனை வருடமாகச் சொல்லி அவளை வளர்த்தோம்?

"ஆர் சொன்னது?"

"அம்மா. போன கிழமை."

மொழி புரியாத கடைக்காரர் சிரித்தபடி நின்றார். இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தெரியாது பிள்ளை. நான் பாக்கேல்லை. ஊரிலை ஆரோ வீட்டு வாசலிலை நிண்டு கூப்பிட்டாங்கள், அப்பா போனவர். ரெண்டு வெடி கேட்டது. நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான். அவங்கள் போன பிறகும் கன நேரம் வெளியிலை வரேல்லை."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதே ஓடி வந்திருந்தால் உங்களுக்கு மூச்சு இருந்திருக்குமா, அண்ணை?

பவித்ரா பெரியதை மெதுவாக மேசையில் வைத்தாள். "எவ்வளவு பாரம் எண்டு பாக்க வேணும் போலை இருந்தது. எனக்குக் குறி வைக்கிற பேப்பரிலை ஓட்டை விழுந்தாப் போதும்." சின்னதைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தி, அதற்குப் பணம் கட்டினாள்.

காரில் ஏறிய பிறகும் அவள் சாவியைத் திருப்பவில்லை. "உங்களுக்கு அப்ப எத்தினை வயசு?"

"பதினேழு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் பிள்ளைதானே, சித்தப்பா."

அண்ணை, அந்த வாகனத் தரிப்பிடத்தில் வைத்துத்தான் உங்களுக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

அடுத்த மாதம் அவளுக்கு முதல் போட்டி. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்பு நடுங்கும். நடுங்கட்டும். அவள் கடைசிக் குண்டைச் சுட்டு முடிக்கும்வரை அங்கிருந்து அசைய மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்குச் சித்தப்பாவாக இருக்கும்,
உங்கள் தம்பி குமரன்