உன் மூக்கு சொல்லட்டும்

என் வீட்டம்மாவுக்கு மண்டியிலிருந்து எழுதுவது.

நலம். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மகள்தான் சமைக்கிறாள்; உப்பு இன்னும் அவள் கைக்கு வரவில்லை. கிடங்கில் பழுக்கப் போட்ட ஒரு லோடு வாழையை அவசரப்பட்டு எடுத்தேன், பாதி காயாகவே போனது. கதவருகே நின்று ஒரு மூச்சு இழுத்து, “எடுங்க” என்று சொல்ல நீ இல்லையே.

“குப்பையோடயே குடும்பம் நடத்துங்க” என்று நீ பஸ்ஸேறியபோது கண்டக்டர்கூடச் சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. பழக்கழிவைக் கடைக்காரனே மக்கவைத்து உரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் கிடையாது என்பது நகராட்சி உத்தரவு. நான் என்ன செய்ய? மானியத்தில் தொட்டி தருகிறார்கள் என்றதும் முதல் ஆளாக வாங்கிவந்தேன். அதை உன் துணிக்கொடிக்குக் கீழேயா வைப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

“அதுக்கும் மூச்சு முட்டும், தொட்டியைத் திறந்தாவது வைங்க” என்று நீ சொன்னாய். திறந்தால் நாற்றம் வருமே என்று நான் இன்னொரு சுற்றுக் கயிறு கட்டினேன்.

நீ போன பிறகு நகராட்சி அதிகாரியம்மா சோதனைக்கு வந்தார். ஈரச்சாக்கு, அதன்மேல் பாலிதீன், அதன்மேல் கயிறு என்று என் கட்டைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், இதைப் பழுக்க வைக்கிறீங்களா, மக்க வைக்கிறீங்களா?” என்று கேட்டார். சுமைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாழைத்தார் பழுக்கக் காற்றுப் புகாமல் மூடி மூட்டம் போட்டே பழகிய கை, எதைக் கொடுத்தாலும் மூடத்தான் செய்கிறது. மூடினால் அழுகுமாம், காற்றுப் பட்டால்தான் மக்குமாம்.

உரிமம் போயிற்று என்றே நினைத்தேன். அவரோ கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளறியே காட்டினார். பழப்பெட்டியில் வரும் வைக்கோலைத் தினமும் கொளுத்துவோமே, அதையே இடையிடையே போடச் சொன்னார். கையில் இருந்த சரக்கைக் கொளுத்திய நானெல்லாம் ஒரு வியாபாரி!

இப்போது காலையில் எழுந்ததும் கிளறுவதுதான் முதல் வேலை. பக்கத்துத் தையல்காரர் ஜன்னலைத் திறந்து, “என்ன முதலாளி, நாத்தத்தையே காணோம், வியாபாரம் படுத்துடுச்சா?” என்கிறார். அதிகாரியம்மா மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உரிமம் வந்துவிட்டது. தொட்டியையும் லாரி நிற்கும் மதிலோரத்துக்கு நகர்த்திவிட்டேன்.

நகராட்சிக்கு அது போதும். எனக்குப் போதாது. முதல் உரத்தைச் சலித்துக் குவித்திருக்கிறேன். மழைபெய்த மண் மாதிரி இருக்கிறது என்கிறாள் மகள்; அவள் மூக்கை நம்பி நான் என்றைக்குச் சரக்கு அனுப்பினேன்? நீ வந்து நின்று, “எடுங்க” என்று சொல்லும்வரை ஒரு பிடிகூட வெளியே போகாது. புதுக்கயிறு வாங்கிக் கொடி கட்டியிருக்கிறேன். அதில் இன்னும் யாரையும் துணி போட விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பகல் பஸ்ஸிலேயே வா.

காற்றுப் பட்டுக் கொஞ்சம் திருந்தியிருக்கும்
உன் வீட்டுக்காரன்