நான் மூடிய கோழிக் கொட்டகை

மண்ணூர்,
14.11.1991

என் வீட்டுக்காரருக்குக் கிளியம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இங்கே பண்ணையில் மூணு நாளாக அடைமழை. கோழிகள் நனையாமலிருக்க நானே சாக்கு தைத்துக் கொட்டகையை இண்டு இடுக்கில்லாமல் மூடினேன். எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கி, கோழிகளுக்குக் கண் பொங்கி ஒட்டிக்கொண்டது; நாற்பது கோழிக்குப் பார்வையே போய்விட்டது. முட்டையும் பாதியாகிவிட்டது. ஓடு தொட்டாலே நொறுங்குகிறது.

"நீதானே மூடுன, நீயே அறு" என்று மேஸ்திரி ரிச்சர்ட் குருட்டுக் கோழிகள் நாற்பதையும் என் கையாலேயே அறுக்க வைத்தான். நெடியில் என் கண்ணும் வீங்கி வழிந்தது. "இன்னா கெய்வி, உனுக்கும் கண்ணு ஒட்டிக்கினு கீது, நீயும் வரிசைல நில்லு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ரிச்சர்ட் கூப்பிடுகிறான். பதிலைப் பேத்தி மதிவதனியைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதச் சொல்லுங்கள். இவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

கிளியம்மாள்