பெண்ணைக் கொடுக்கிறவர்

பிப்ரவரி 11, செவ்வாய்

மகளின் கல்யாணத் தேதி முடிவாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ஈஸ்டர் கழித்து, மே பத்து. என் வீட்டுக்காரர் குருவானவராக இருக்கும் நம் கோயிலிலேயே. இந்த வருஷத்தோடு இவருக்கு ஓய்வு. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்த மனிதர், சொந்தப் பிள்ளைக்குச் செய்து வைக்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாராம். சவரம் செய்துகொண்டே விவாக ஆராதனையை ஒப்பிக்கிறார். ஆமென் சொல்லும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. மதியம் சாப்பாட்டு மேசையில் மகள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, ஆராதனையை வேற யாராவது நடத்தட்டும். நீங்க என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"நான் இருக்கும்போது வேற ஒருத்தரா? சபையில என்ன நினைப்பாங்க?"

"சபைக்கு நீங்க எப்பவும் இருந்திருக்கீங்கப்பா. அன்னிக்கு ஒரு நாள் எனக்கு இருங்க."

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 19, புதன்

இருவருக்கும் பேச்சில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளம் நான்.

மார்ச் 2, ஞாயிறு

முன்வரிசைப் பெஞ்சில் வழக்கம்போல் தனியாக உட்கார்ந்திருந்தேன். மகள் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. நம்பிவிட்டேனாக்கும்.

இதே பெஞ்சில்தான் அவளை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். மேலே வெள்ளை அங்கியில் நிற்கிறவரைப் பார்த்துக் கையாட்டுவாள். இவர் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்ப்பார். ஆராதனை நடுவில் குருவானவர் பதிலுக்குக் கையாட்ட முடியுமா? முடியாதுதான். ஆனால் அந்தக் குட்டிக் கை இறங்குவதை நான்தான் பார்த்தேன்.

அவள் காய்ச்சலில் கிடந்தபோது இவர் வேறொரு வீட்டுக் கட்டிலருகே ஜெபித்துக்கொண்டிருந்தார். பள்ளி நாடகத்தன்று ஒரு அடக்க ஆராதனை. சாகிறவர்கள் நாள் பார்த்தா சாவார்கள்? யாரைக் குற்றம் சொல்ல — நல்ல மனிதர். ஊருக்கே நல்ல மனிதர், அதுதான் சிக்கல்.

மார்ச் 13, வியாழன்

இன்று கேட்டேவிட்டேன். "அவ உங்க வேலையைப் பறிக்கலைங்க. அப்பாவைக் கேக்கிறா. அதுவும் தப்பா?"

எரிந்து விழுந்தார். "ரெண்டையும் நானே செய்யறேன். கூட்டிட்டு வந்து நிறுத்திட்டு, மேல ஏறி நின்னுக்கறேன்."

"சரி. ஆராதனை நடுவில குருவானவரா 'பொண்ணைக் கொடுக்கிறது யாரு'ன்னு நீங்களே கேட்டு, அப்பாவா கீழ ஓடி வந்து நீங்களே பதில் சொல்வீங்களா?"

சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகவும் சேர்த்துக் கோபப்பட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இறங்கி வந்துவிட்டார்! குருத்துவப் படிப்பில் கூடப் படித்த நண்பரை ஆராதனை நடத்த அழைத்திருக்கிறார். "அவன் ஜெபத்தை ஆரம்பிச்சா, ஆமென் வர்றதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தாடி நரைச்சிடும்" என்று முணுமுணுப்பு வேறு.

மகளிடம் நேராகச் சொல்ல மனமில்லை. "உன் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றார். கோபம் வந்தால் என் பெண். பரிசு வாங்கி வந்தால் இவர் பெண்.

மே 3, சனி

கோட்டு தைத்து வந்தது. கண்ணாடி முன் நின்று வெறும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். வெள்ளைக் காலர் இல்லாமல் அவருக்கே அவரைத் தெரியவில்லை போலிருக்கிறது.

"யாரோ மாதிரி இருக்கேன்."

"மாமனார் மாதிரி இருக்கீங்க" என்றேன்.

மே 10, சனி

எழுதாமல் தூங்க முடியாது.

அழகாகத்தான் கூட்டி வந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நண்பர் புத்தகத்தைப் பார்த்து, பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டார்.

இவர் மெல்லத் திரும்பிப் பெஞ்சுகளை நோட்டம் விட்டார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் கேள்வியைக் கேட்டுவிட்டு, பெண்ணின் அப்பன் எங்கே போய்த் தொலைந்தான் என்று தேடுவாரே, அதே பார்வை. இன்றும் தேடுகிறார்! நண்பர் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். இவர் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார்.

மகள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்கதான்."

கடைசிப் பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கும் குரல்காரர். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவள் கையை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். நண்பர் சொல்வதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்தார். தொடையில் கிள்ளி வைத்தேன். நண்பரின் ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. இவர் குறையே சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தார். என் மனிதரை எனக்கு இன்று ரொம்பப் பிடித்திருந்தது.

மே 11, ஞாயிறு

வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

மகள் போன் செய்தாள். எப்போதும் என்னிடம்தான் பேசுவாள். இன்று எடுத்தவுடனே, "அப்பா இருக்காராம்மா?" என்றாள்.

இவர் போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மாப்பிள்ளை குறட்டை விடுகிறாரா என்று ஒன்று பாக்கியில்லை. நடுவில் கோயிலில் மணியடிக்கிறவர் வந்து, ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்க ஆட்கள் வந்திருப்பதாகச் சொன்னார். மணியடிக்கிறவர் வாசலில் இருமினாலே எழுந்து ஓடுகிறவர் இவர்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் உக்காரச் சொல்லு. என் பொண்ணு பேசிட்டிருக்கா."