ஸ்டீல் டப்பா உள்ளே போகாது

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடையில் ஆடித் தள்ளுபடி, சேலை செக்‌ஷனில் நிற்க இடமில்லை. சாப்பாட்டுக்கு எங்கள் முறை வந்தபோது மணி மூன்றரை.

போன வாரம் ஊழியர் அறையில் இருந்த கேஸ் அடுப்பை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு மைக்ரோவேவ். முதலாளி வீட்டில் பழசானது. பொட்டு வைத்து, மாலை போட்டுத் திறந்து வைத்தார். கைதட்டினோம். நானும்தான்.

ஸ்டீல் டப்பா உள்ளே வைக்கக் கூடாது, பொறி பறக்கும் என்று சுவரில் நோட்டீஸ். எதில் வைப்பது என்று எழுதவில்லை. அதனால் எல்லோரும் ஸ்டீலை வீட்டில் வைத்துவிட்டு பிரியாணி பார்சல் வந்த கறுப்பு டப்பாவைக் கழுவிக் கொண்டு வருகிறோம்.

வாங்க: தலைவலி மாத்திரை, ஹேர்பின்.

ஜூலை 22, செவ்வாய்

எங்கள் முறையில் சாப்பிடும் அலமேலு அக்கா கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்திலிருந்து வருகிறது. வயிற்றில் ஐந்து மாதம். விடியலில் ஆக்கிய சோறு, நாலு மணிக்குச் சூடு பண்ணித் தின்கிறது.

இன்று டப்பாவின் மூலை உருகிக் குழிந்துவிட்டது. புளிக்குழம்பு பட்ட இடமெல்லாம் சொரசொரப்பு. அறை முழுக்கப் பிளாஸ்டிக் வாடை. அக்கா தின்றுகொண்டே இருந்தது.

"கொட்டுக்கா."

"கொட்டிட்டு இன்னாத்த துன்றது? நீ வந்து ஊட்டுவியா?"

என் சோற்றில் பாதி கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது. என்னுடையதும் அதே மாதிரி டப்பாதான்.

ஜூலை 24, வியாழன்

பஸ்ஸில் போனில் தேடிப் படித்தேன். நான் இறங்கும் ரிஷிவந்தியம் வரும்வரை.

மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் டப்பா உருகாது, அவ்வளவுதான். அதிலிருந்து எதுவும் சோற்றில் இறங்காது என்று அர்த்தமில்லை. எண்ணெயும் சூடும் சேர்ந்தால் ஜாஸ்தி இறங்கும். பார்சல் டப்பாவோ ஒரு தடவைக்குச் செய்தது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது என்கிறார்கள். என்ன வியாதி வரும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அது தெரியும்வரை எங்கள் வயிறுதான் சோதனைக்கூடமா?

சூப்பர்வைசரிடம் சொன்னேன். சிரித்தார். டீயையே பிளாஸ்டிக் கவரில் வாங்கிக் குடிக்கிற ஊராம் இது, இப்போது மட்டும் என்ன புதுசாம். உண்மைதான். அதனால்தான் எரிச்சல். அவர் சாப்பாடு மட்டும் கண்ணாடி டப்பாவில் வருகிறது. ஏன் சார் என்றேன். சம்சாரம் சொல்லிட்டா என்றார்.

ஜூலை 25, வெள்ளி

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

பீங்கான் கிண்ணம் இரண்டு வாங்கினேன். நன்றாகச் சூடாகிறது. ஆனால் டப்பாவிலிருந்து கொட்டி, சூடு பண்ணித் தின்று, கழுவி அடுத்தவருக்குக் கொடுக்க நேரம் பிடிக்கிறது. ஒரு முறைக்கு ஆறு பேர், அரை மணி நேரம். கடைசி ஆளுக்கு ஆறின சோறு. இரண்டு பேர் மறுபடி கறுப்பு டப்பாவை எடுத்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட மனசு வரவில்லை.

கூட நேரம் கேட்டேன். ஆடி முடியட்டும் என்றார் சூப்பர்வைசர். ரொம்பப் பேசினால் குடோனில் போட்டுவிடுவாராம்.

போடட்டும்.

ஜூலை 26, சனி

பயங்கரக் கூட்டம். கால் வீக்கம்.

அரை மணி முடிந்து பெல் அடித்தபோது அலமேலு அக்காவின் கிண்ணம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா டப்பாவில் சூடு பண்ணியிருந்தால் எப்போதோ தின்று முடித்திருக்கும். நான் எழவில்லை. நான் எழவில்லை என்று மற்ற நாலு பேரும் எழவில்லை.

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். கஸ்டமர் காத்துக்கினு இருக்காங்க என்றார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, என்னைப் பார்த்து, என் பெயரை மட்டும் எழுதினார்.

மெஷின் நின்றது. அக்கா முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்து எடுத்தது. உட்கார்ந்து, நிதானமாகப் பிசைந்து, ஒரு வாய் வைத்துக்கொண்டது.

"அது பேருக்கு மேல என் பேர எழுதுங்க சார். துன்றது நானு."