வெள்ளத்துக்குப் பின் எடுத்த ஒரே படம்

ஐப்பசி 28, 1943. கரங்கான் ரப்பர் தோட்டம், மலாயா.

எரிச்சல் அடங்கவில்லை. வெள்ளத்தில் பாழான தோட்டத்தைப் படமெடுத்து அனுப்பினால்தான் ஜப்பான் அதிகாரி அரிசி கூட்டித் தருவாராம். படத்தில் ஆட்கள் வேண்டாம், நிலமும் கூலிக்காரர் குடியிருக்கும் லயமும் மட்டும் போதுமாம். கூலிம் டவுனிலிருந்து வந்த படக்காரரிடம் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் இருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான், படமெடுக்க வருகிறார்கள் என்று நேற்றே லயத்தில் சொல்லி வைத்தேன். அதுதான் தப்பு. விடியுமுன் சேற்றைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, பெண்கள் எல்லாரும் கல்யாணச் சேலையில் வரிசையாக நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா, இடிஞ்ச சுவர் தெரியட்டும்" என்றேன்.

"அசிங்கமால்ல இருக்கும்? அதை மறைக்கத்தானே நிக்கிறோம்" என்றார் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா. "படிச்ச பொண்ணு, நீயும் வந்து நில்லு."

படக்காரர் மழை வருதென்று அவசரப்படுத்தினார். போய் நின்றேன். கொஞ்சம் தெரிந்த சுவரும் என் பின்னால் மறைந்துபோனது. அரிசி மனுவோடு அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும்.